அளந்து கொடுத்த அறிஞர்

மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை. மிளகைவிடச் சற்றே பெரியது. உள்ளங்கையில் வைத்து மூடினால் இருக்கும் இடம் தெரியாது. ஆனால், தோழர்களே, அந்தச் சின்னஞ்சிறு மாத்திரைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம், சாவின் வாயிலில் நிற்கும் குழந்தையைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வரும். மற்றொரு முகம், தேறி வந்த அதே குழந்தையை மீண்டும் மருத்துவமனைக்கு இழுத்துச் செல்லும். சில வேளைகளில் இடுகாட்டுக்கே கொண்டு போய்விடும். முகத்தை மாற்றுவது எது? விதியா? முன்வினையா? கோளின் கோளாறா? இல்லை, இல்லை! எத்தனை மாத்திரை, எந்தக் கிழமை என்ற இரண்டே கணக்குதான் மாற்றுகிறது. அளவு காக்கும். அளவு தவறினால் அழிக்கும்.

மெத்தோட்ரெக்சேட் என்பது அந்த மாத்திரையின் பெயர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் உலகெங்கும் கொடுக்கப்படுகிற மருந்து அது. அந்த மருந்துக்கு வழி திறந்தவர் சீமையிலே பிறந்த சீமான் அல்லர். பள்ளி இறுதித் தேர்விலே இரண்டு முறை தோற்றவர். நம் சென்னையிலே படித்தவர். சென்னை மறுத்த பட்டத்தின் ஏக்கத்தோடு கடல் கடந்தவர். எல்லப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். இந்த நாட்டிலே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? தெருவுக்குத் தெரு திரைப்பட நடிகரின் படம் தொங்குகிறது. கோடிக் கணக்கான உயிர்களுக்குக் கொடை கொடுத்தவரின் படம் எங்கே தொங்குகிறது? 1995 ஆம் ஆண்டு, அவருடைய நூற்றாண்டின்போது, இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அவ்வளவுதான் அவருக்கு நாம் செய்த சிறப்பு.

அந்த மனிதரின் வாழ்க்கையை இன்று சொல்லப் போகிறோம். அவர் கொடுத்த மருந்தை எப்படி அளந்து விழுங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லப் போகிறோம். ஏனென்றால், இரண்டும் ஒன்றுதான். அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அளப்பதுதான்!

1895 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோதாவரிக் கரை நாட்டில், பீமவரம் என்ற ஊரில் பிறந்தார் சுப்பாராவ். தந்தையார் வருவாய்த் துறையில் சிற்றலுவலர். பிள்ளைகள் ஏழு பேர். வறுமை வாசலிலே நிற்கவில்லை. அடுப்படிக்கே வந்து அமர்ந்திருந்தது. பதின்மூன்று வயதிலே சிறுவன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். காசிக்குப் போய், அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் குவிக்கலாம் என்பது திட்டம். தாயார் விட்டாரா? பிடித்து இழுத்து வந்து பள்ளியிலே தள்ளினார். படிப்பு ஏறவில்லை. ஒரு முறை தோற்றான். மறுமுறையும் தோற்றான். சென்னைக்கு வந்து, இந்து உயர்நிலைப் பள்ளியிலே சேர்ந்து, மூன்றாம் முறைதான் வென்றான். பிறகு மாநிலக் கல்லூரி. அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. படிக்கப் பணம் கொடுத்தவர் மாமனார்.

மருத்துவக் கல்லூரியிலே நடந்ததைக் கேளுங்கள். நாடெங்கும் அயல்நாட்டுத் துணியைப் புறக்கணிக்கும் இயக்கம் நடந்த காலம். மாணவர் சுப்பாராவ் கதராலே தைத்த அறுவை அங்கியை அணிந்துகொண்டு வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியரின் கண் சிவந்தது. விடைத்தாளிலே குறை இல்லை. உடுத்திய துணியிலே குறை கண்டார்கள்! முழு மருத்துவப் பட்டமான எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அரசு மருத்துவப் பணியிலே சேர முயன்றார். அந்தக் கதவும் மூடிக்கொண்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூறு சொல்லித் தரும் ஆசிரியர் வேலைதான் கிடைத்தது.

அந்த நாட்களிலேதான் அவருடைய நெஞ்சைப் பிளந்த நிகழ்ச்சி நடந்தது. உடன்பிறந்தோர் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். ஸ்புரூ என்று ஒரு நோய். குடல் தேய்ந்து, உண்ட உணவு உடலிலே ஒட்டாமல் வெளியேறி, இரத்தம் வற்றி, ஆளைச் சருகாக்கிச் சாய்த்துவிடும். மருத்துவம் படித்தவர் சுப்பாராவ். ஆனாலும் கைகட்டி நின்று பார்க்கத்தான் முடிந்தது, காப்பாற்ற மருந்து இல்லை. அந்த நோய் அவரையும் பற்றியது. எப்படியோ பிழைத்து எழுந்தார். பிழைத்தவர் ஒரு முடிவுக்கு வந்தார். மருந்து இல்லையென்றால், அதைக் கண்டுபிடிக்க வேண்டும்!

1920-களின் தொடக்கத்தில், இளம் மனைவியை ஊரிலே விட்டு, மாமனாரின் உதவியோடும் ஓர் அறக்கட்டளையின் உதவியோடும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பாஸ்டன் நகரம். ஆர்வர்டு பல்கலைக்கழகம். படிக்க இடம் கிடைத்தது. வயிற்றுக்கு வழி கிடைக்கவில்லை. சென்னையிலே வாங்கிய சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராகப் பணி செய்ய முடியாது. என்ன செய்தார்? மருத்துவமனை ஒன்றிலே இரவுக் காவலாளிபோல வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டியை எடுத்துக் கழுவுகிற வேலை! தோழர்களே, எந்தத் தொழிலும் இழிவு இல்லை என்று மேடையிலே பேசுகிறோம். பேசாமல் செய்து காட்டிய மனிதர் இவர். இரவிலே மலச்சட்டி கழுவிய அதே கைகள்தான் பகலிலே ஆய்வுக் குழாயைப் பிடித்தன.

அந்தக் கைகள் முதன்முதலிலே செய்தது என்ன? அளந்தன! உடம்பிலே உள்ள பாஸ்பரஸ் என்ற பொருளை அளக்க எளிய வழி இல்லாத காலம். ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து, 1925 இல் ஒரு முறையை வெளியிட்டார். இரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள பாஸ்பரசை ஒரு கரைசலிலே சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். நிறத்தைப் பார்த்தே நிறுத்துவிடலாம்! ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உயிர்வேதியியல் மாணவர்கள் அந்தப் பெயரை இன்றும் படிக்கிறார்கள்.

அளக்கத் தெரிந்தவர் அடுத்து அளந்தது தசையை. சம்மட்டி தூக்கும் கைக்கு, மூட்டை சுமக்கும் தோளுக்கு, வலிமை எங்கிருந்து வருகிறது? 1927 இல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைத் தசையிலே கண்டார்கள். வேலை செய்யும்போது அது செலவாகிறது. ஓய்வெடுக்கும்போது மீண்டும் சேர்கிறது. 1929 இல் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து பிரித்தார்கள். அதே ஆண்டு செர்மனியிலே லோமன் என்பவரும் தனியே கண்டார். உயிருள்ள ஒவ்வோர் அணுவும் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்ளும் நாணயம் அது என்று பின்னால் உலகம் அறிந்தது. உழைப்பாளியின் ஓய்வுக்கு உடம்பே கொடுக்கும் சான்று அல்லவா இது! இந்த ஓய்வுக் கணக்கை நினைவிலே வையுங்கள்; மாத்திரையைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

இவ்வளவு செய்தும் ஆர்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. 1940 இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குச் சென்றார்; அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவர் ஆனார். அணை திறந்த வெள்ளமாக வந்தன மருந்துகள். யானைக்கால் நோய்க்கு, 1947 இல் வெளிவந்த டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்து அவர் தலைமையிலே பிறந்ததுதான். நம் ஊர்களிலே சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து விழுங்கச் சொன்னார்களே, அந்த யானைக்கால் மாத்திரை! டெட்ராசைக்ளின் வகையிலே முதலாவதான ஆரியோமைசின் மருந்தும் அவர் தலைமை வகித்த ஆய்வகத்திலேதான் 1948 இல் வெளிப்பட்டது.

ஆனால் நம் கதைக்கு வேண்டியது ஃபோலிக் அமிலம். கீரையிலும் ஈரலிலும் இருக்கும் உயிர்ச்சத்து அது. இலை என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். உடம்பிலே புது அணுக்கள் பிறக்க அது வேண்டும். அது இல்லையென்றால் இரத்தம் ஊறாது. 1945 இல் சுப்பாராவின் குழுவினர் அதை ஆய்வகத்திலே செயற்கையாகச் செய்து காட்டினர். ஸ்புரூ நோயின் இரத்தச் சோகைக்கு அதுவே மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து மருந்து தேடிக் கொடுத்துவிட்டார் மனிதர்! அதோடு நின்றிருந்தாலும் போதும். அவர் நிற்கவில்லை.

இரத்தப் புற்றுநோய் என்பது என்ன? எலும்புக்குள்ளே மச்சை என்ற தொழிற்சாலை இருக்கிறது. இரத்த அணுக்களை வார்த்து அனுப்புவது அதுதான். அந்தத் தொழிற்சாலையிலே அரைவேக்காட்டு வெள்ளணுக்கள் அடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்வதே இரத்தப் புற்று. சிவப்பணு குறைந்து குழந்தை வெளுக்கும். தட்டணு குறைந்து ஈறு கசியும். நல்ல வெள்ளணு குறைந்து காய்ச்சல் வரும். அந்நாளிலே, கடுமையான இரத்தப் புற்று என்று மருத்துவர் சொன்னால், சில வாரமோ சில திங்களோதான் மிச்சம்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலே சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். ஃபோலிக் அமிலச் சேர்மங்களை இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் தணியவில்லை. இன்னும் விரைவதுபோலத் தோன்றியது. கள்ளனுக்கே சோறு போட்டதுபோல் ஆயிற்று. சரி, சோறு கொடுத்தால் கொழுக்கிறான் என்றால், சோற்றைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் சோறு அல்லாத ஒன்றைக் கொடுத்தால்? சுப்பாராவின் ஆய்வகம் அதைத்தான் செய்து கொடுத்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம். அணு ஏமாந்து பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் வேலை நின்றுவிடும். அமினோப்டெரின் என்று அதற்குப் பெயர்.

1948 சூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். மருந்து பெற்ற குழந்தைகள் 16 பேர். அவர்களிலே 10 பேருக்கு நோய் தணிந்தது. நிலையாக அல்ல, சில திங்களுக்கு மட்டும். ஆனால் அந்தச் சில திங்களிலே படுக்கையிலே கிடந்த பிள்ளை எழுந்து நடந்தது. இரத்தப் புற்றை மருந்தாலே பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் அன்றுதான் கண்ணாரக் கண்டது.

அதைக் கண்டு மகிழச் சுப்பாராவுக்குக் காலம் கொடுத்த நேரம் இரண்டே திங்கள். 1948 ஆகஸ்டில், மாரடைப்பு அவரைத் தூக்கத்திலே கொண்டுபோனது. வயது 53. கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்காவிலே வாழ்ந்தும், அந்த நாட்டுக் குடியுரிமை பெறாமலே மறைந்தார். ஊரிலே விட்டு வந்த மனைவியின் முகத்தை மீண்டும் பார்க்கவே இல்லை. பிறந்த மகன் குழந்தையாகவே இறந்தான். அந்த முகத்தையும் பார்த்ததில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் உயிர் தேடியவரின் வீட்டுக் கணக்கு இது!

அமினோப்டெரின் வலிய மருந்து; நஞ்சும் மிகுதி. காக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அதே ஆய்வகத்திலே பிறந்த அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1950-களிலே அண்ணன் இடத்தைத் தம்பி பிடித்துக்கொண்டான். 1953 இல் மெர்காப்டோபியூரின் என்ற மற்றொரு மாத்திரை துணைக்கு வந்தது. எலியன் என்ற அம்மையாரும் இட்சிங்சு என்பவரும் தந்தது. 1960-களிலே பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கக் கற்றார்கள். இன்று, வசதியான மருத்துவம் கிடைக்கும் நாடுகளிலே, இந்த வகை இரத்தப் புற்று கண்ட குழந்தைகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 16 இல் 10 பேருக்குச் சில திங்கள் என்று தொடங்கிய பயணம் இது!

ஆனால் பயணத்தின் கடைசிக் கல் எங்கே இருக்கிறது தெரியுமா? மருத்துவமனையிலே இல்லை. நம் வீட்டு அலமாரியிலே இருக்கிறது. முதலிலே மருத்துவமனையில் ஊசியும் மருந்துமாகக் கடுமையான சிகிச்சை. நோய் அடங்கிய பிறகு, ஒளிந்திருக்கும் மிச்சத்தை ஒழிக்க, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வீட்டிலேயே மாத்திரை. அங்கே மருத்துவர் இல்லை, செவிலி இல்லை, தாயும் தகப்பனும்தான். அங்கேதான் அளவு தவறுகிறது.

மெர்காப்டோபியூரின் நாள்தோறும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதை நெஞ்சிலே செதுக்குங்கள்!

ஏன் வாரத்துக்கு ஒரு நாள்? தொழிலாளத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. வார ஓய்வுக்காகப் போராடிய வர்க்கம் அல்லவா! மருந்து கெட்ட அணுவை மட்டும் தாக்குவதில்லை. விரைந்து பெருகும் எல்லா அணுவையும் தாக்கும். வாயின் உட்தோல், குடலின் உட்தோல், எலும்பு மச்சை எல்லாம் விரைந்து பெருகுபவைதாம். ஒரு நாள் அடி, ஆறு நாள் ஓய்வு என்றால் நல்ல அணு எழுந்துகொள்ளும். நாள்தோறும் அடி என்றால்? ஓய்வு கொடுக்காத முதலாளியிடம் மாட்டிய தொழிலாளி என்ன ஆவானோ, அதுதான் ஆகும். வாய் வெந்து, குடல் புண்ணாகி, மச்சை வற்றி, உயிரே போகும்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மருத்துவர், குழந்தையின் உடற்பரப்பைக் கணக்கிட்டு, வாரத்துக்கு 15 மில்லிகிராம் என்று எழுதுகிறார். மாத்திரை ஒன்று 2.5 மில்லிகிராம். ஆக, ஆறு மாத்திரை. ஆறையும் ஒரே நாளிலேயா என்று தகப்பன் அஞ்சுகிறார். பிஞ்சு உடம்பு தாங்குமா என்று தாய் கலங்குகிறாள். நாளுக்கு ஒன்றாக ஆறு நாள் கொடுத்துவிடுவோம், மொத்தக் கணக்கு ஒன்றுதானே என்று அன்போடு முடிவு செய்கிறார்கள். அந்தோ! அந்த அன்புதான் நஞ்சாகிறது. மொத்தம் ஒன்றுதான், ஆனால் ஓய்வு பறிபோயிற்று! கூட்டல் கணக்கு இங்கே செல்லாது. கிழமைக் கணக்குத்தான் செல்லும்.

இது கற்பனை அச்சம் அல்ல. வாரத்துக்கு ஒரு நாள் என்பதை நாள்தோறும் என்று எண்ணி விழுங்கி, மூட்டு வாதக்காரர்களும் தோல் நோய்க்காரர்களும்கூடப் பல நாடுகளிலே உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே மருந்து வாரக் கணக்கிலே கொடுக்கப்படுகிறது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019 இல் இதற்கென்றே புதிய கட்டுப்பாடுகளை வகுத்தது. படித்த நாடுகளிலேயே இப்படி என்றால், ஆங்கிலச் சீட்டைப் படிக்க அண்டை வீட்டாரைத் தேடும் நம் வீடுகளிலே எவ்வளவு விழிப்பு வேண்டும்!

ஆகவே, தோழர்களே, இதைச் செய்யுங்கள். எந்தக் கிழமை என்று மருத்துவரையே கேட்டு, மருந்துச் சீட்டிலும் மருந்துப் பெட்டியிலும் தமிழிலே முழுதாக எழுதி வாங்குங்கள். திங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்; நம் மொழியிலே திங்கள் என்றால் மாதமும் ஆகும். திங்கட்கிழமை என்று முழுதாக எழுதுங்கள். சுவரிலே தொங்கும் நாட்காட்டியிலே அந்தக் கிழமையை வட்டமிடுங்கள், கொடுத்ததும் அடித்துவிடுங்கள். கொடுக்கும் பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும். காலையிலே தாயும் மாலையிலே தகப்பனும் அறியாமல் இரு முறை கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை கடையிலே வாங்கும்போதும் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். 2.5 உண்டு, 10 உம் உண்டு. நான்கு மடங்கு வேறுபாடு! மாத்திரையின் நிறத்தையோ எண்ணிக்கையையோ மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு வாரம் மறந்துவிட்டால், அடுத்த முறை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். விழுங்கிய பின் வாந்தி எடுத்துவிட்டால், நீங்களாக மறுபடியும் கொடுக்காதீர்கள். மருத்துவமனையைக் கேளுங்கள். அதே போல, அஞ்சி நிறுத்துவதும் கேடு. நாள்தோறும் கொடுக்க வேண்டிய மெர்காப்டோபியூரினை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியது என்று, அமெரிக்காவிலே நடந்து 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பிள்ளை ஓடி விளையாடுகிறதே, இனி மாத்திரை எதற்கு என்று எண்ணாதீர்கள். அது ஓடுவது மாத்திரையாலேதான்!

மருத்துவர் சொல்லும் நாளிலே இரத்தச் சோதனை செய்தே தீர வேண்டும். அணுக்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். சிலருடைய உடம்பு மெர்காப்டோபியூரினை எளிதிலே கழிக்காது. பிறவியிலேயே அமைந்த வேறுபாடு அது. ஆசிய மக்களிடையே அத்தகைய வேறுபாடு ஒன்று மிகுதி என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவு உங்கள் பிள்ளைக்கு ஆகாது. கூலி போகிறதே, பேருந்துக் கட்டணம் ஆகிறதே என்று சோதனை நாளைத் தவறவிட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பதாகும்.

எதைக் கண்டால் ஓட வேண்டும்? வாயிலே புண். விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு. ஈறு கசிவு, தோலிலே சிவப்புப் புள்ளிகள். கண் மஞ்சளாதல். வறட்டு இருமல், மூச்சுத் திணறல். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த இரவே போங்கள். தவறி மிகுதியாகக் கொடுத்துவிட்டீர்களா? திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். லூக்கோவோரின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எவ்வளவு விரைவிலே கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நன்மை. மறைத்த மணி நேரம் ஒவ்வொன்றும் பிள்ளையின் உயிரிலிருந்து கழியும்.

வேறு மருந்து எதையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள், கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி ஆகியவை மெத்தோட்ரெக்சேட்டின் நஞ்சை ஏற்றக்கூடும். கோட்ரைமாக்சசோலை நோய்த்தடுப்புக்காகச் சிகிச்சை மருத்துவரே கணக்குப் பார்த்துக் கொடுப்பதுண்டு. அது வேறு, நாமே கடையிலே கேட்டு வாங்குவது வேறு. யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால், மெர்காப்டோபியூரினின் வேகத்தைப் பன்மடங்காக்கும். ஃபோலிக் அமிலம் சத்து மாத்திரைதானே என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். சுப்பாராவ் கண்ட உண்மையே அதுதானே! மருந்து எதை மறிக்கிறதோ, அதையே ஊட்டுவதாகும். தாயத்து கட்டினால் தவறு மனத்தோடு போகும். பெயர் தெரியாத சூரணம் கொடுத்தால் கேடு ஈரலோடு போகும். மதுப் பழக்கம் உள்ள பெரியவர்கள் இந்த மருந்தை உண்ணும்போது மதுவைத் தொடக்கூடாது.

இந்த மாத்திரையை உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். விழுங்க முடியாத குழந்தைக்கு என்ன செய்வது என்று மருத்துவமனையிலே கேளுங்கள். கருவுற்ற பெண்கள் கையாலே தொடவே கூடாது. கருவைச் சிதைக்கும் மருந்து இது. கொடுப்பவர் கையுறை அணியட்டும்; பிறகு கையைக் கழுவட்டும். மற்றப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மிஞ்சியதைக் குப்பையிலே வீசாமல் மருத்துவமனையிலே திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று: இரத்தப் புற்றிலே வகைகள் பல. சில வகைக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை என்பதே முறை. ஆகவே வாரம் ஒரு நாள் என்ற விதியை எல்லா மாத்திரைக்கும் பொருத்தாதீர்கள். மருந்தின் பெயரைக் கேளுங்கள். அதற்குரிய கணக்கைக் கேளுங்கள்.

கேட்பதற்கு வெட்கப்படலாமா? வெள்ளை அங்கி அணிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கலாமா? ஊதிய உயர்வு கேட்க ஆலை வாயிலிலே நிற்கத் தெரிந்த நமக்கு, பெற்ற பிள்ளையின் உயிருக்கு எத்தனை மாத்திரை, எந்தக் கிழமை என்று கேட்கத் தெரியாதா?

பீமவரத்துச் சிறுவன் வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கக் கிளம்பினான். காசிக்குப் போகவில்லை, பணமும் பெரிதாய்ச் சேர்க்கவில்லை. மலச்சட்டி கழுவி, நீல நிறத்தை அளந்து, தசையை அளந்து, ஈரலையும் இலையையும் அளந்து, கடைசியிலே சாவையே அளந்து பார்த்துவிட்டுப் போனான். அவன் அளந்து கொடுத்த மருந்து நம் கையிலே இருக்கிறது. இன்றிரவே அலமாரியைத் திறவுங்கள். பெட்டியை எடுங்கள். கிழமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையிலேயே கேட்டு எழுதுங்கள். படிப்பகத்திலே இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்கள், எழுத்தறியாத அண்டை வீட்டுத் தாய்க்கு அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுங்கள். சுப்பாராவுக்குச் சிலை வைக்கக் கையிலே காசு இல்லாமல் இருக்கலாம். அந்தக் கிழமையைத் தவறாமல் காப்பதற்குக் காசு வேண்டியதில்லை.